உவர்மலை வீடா, உப்புவெளி அறைகளா?

திருகோணமலையில் வாடகைக்கு விட இடம் வாங்கத் தேடும் வெளிநாட்டில் வாழும் எங்களவர்கள் முதலில் விசாரிப்பது கடற்கரைப் பக்கமான உப்புவெளியைத்தான். உல்லாசப் பயணிகள் வருவார்கள், ஓர் இரவுக்கே நல்ல காசு என்ற எண்ணம். மே தொடங்கி செப்டெம்பர் வரை அது சரிதான். கடல் அடங்கியிருக்கும், புறாத்தீவுக்குப் படகு ஓடும், அறைகள் நிறைந்துவிடும். வாடைக் காற்றும் மழையும் வந்தால் அங்குள்ள அலஸ்தோட்டம் வெறிச்சோடிப் போகும். அப்போதும் காவல்காரருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேணும்.

உப்புக்காற்றையும் கணக்கில் எடுங்கள். எங்கள் மாமா அங்கே நாலு அறை கட்டினார். இரண்டாவது மாரியிலேயே யன்னல் கம்பியில் பெயின்ற் செதிள் செதிளாகக் கழன்றது. கொண்டியைத் தொட்டால் துரு விரலில் ஒட்டும்.

நகருக்குள் இருக்கும் உவர்மலைப் பக்கம் வாடகை குறைவு, காணி விலை அதிகம். ஆனால் கிழக்கு மாகாண சபையின் தலைமையிடம் இந்த நகரம். கச்சேரி (மாவட்டச் செயலகம்), ஆஸ்பத்திரி, நீதிமன்றம் என்று இடமாற்றத்தில் வரும் உத்தியோகத்தருக்கு எந்த மாதமும் வீடு வேணும். மழைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. என் தெரிவு இதுதான்.

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாக மாணவருக்கு போர்டிங் போடலாம். பக்கத்திலிருந்து பார்க்க ஆள் இல்லாதவர் அதைத் தொடவேண்டாம்.

எங்கே வாங்கினாலும் உறுதிக் காணியா (சொந்தப் பத்திரம் உள்ளது), ஒப்பக் காணியா (அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்தது) என்று முதலில் பாருங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த ஒப்பக் காணியை உறுதிக் காணி போலக் கைமாற்ற முடியாது. "எல்லாம் எழுதித் தாறன்" என்பார்கள். நம்பிக் காசு கொடுத்தவர்கள் பிரதேச செயலகத்துக்கு அலைவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. இரட்டைக் குடியுரிமை இல்லாமல் வெளிநாட்டுப் பாஸ்போட் மட்டும் வைத்திருப்பவர் பெயருக்கு உறுதி எழுத, 2014இன் 38ஆம் இலக்கச் சட்டம் பொதுவாக இடம் தராது. கடற்கரைக் காணிக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை.

மாமா இப்போது இரண்டு அறைகளை மாத வாடகைக்குக் கொடுத்துவிட்டார். வங்கியில் வேலை செய்யும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மார்கழியிலும் அங்கே விளக்கு எரிகிறது.