பேப் ஸ்மியரில் மாற்றம் தெரிந்த கர்ப்பிணிக்குக் கோவையில் ஒரு கால்போஸ்கோபிப் பிரிவு

கோவையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கும் கால்போஸ்கோபிப் பிரிவைப் பற்றிய மதிப்பீடு இது. குறைகளையும் எழுதப்போவதால் பெயரைக் குறிப்பிடவில்லை. என் தங்கை நான்காம் மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது கோபிப் பக்கத்தில் எடுத்த பேப் ஸ்மியரில் (கருப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை), எச்.எஸ்.ஐ.எல். எனப்படும் உயர்நிலை செல் மாற்றம் இருப்பதாக அறிக்கை வந்தது. தாளைப் பார்த்ததிலிருந்து வீட்டில் புற்றுநோயா, கருவைக் கலைக்க வேண்டுமா என்பதே பேச்சாக இருந்ததால், அவரை இங்கே அழைத்து வந்தோம்.

மருத்துவர் கருவியைத் தொடுவதற்கு முன் விளக்கத்துக்கே நிறைய நேரம் ஒதுக்கினார். பேப் ஸ்மியர் சந்தேகத்தைத்தான் சொல்லும், நோயை உறுதிசெய்யாது என்று தொடங்கியவர், "இப்போ நாங்க பாக்கறது ஒண்ணே ஒண்ணுதானுங்க அம்மணி, உள்ள பரவுன புற்று இருக்குதா இல்லையான்னு. அது இல்லைன்னா மத்ததெல்லாம் பிரசவத்துக்கு அப்புறந்தானுங்க" என்றார். புற்றுக்கு முந்தைய செல் மாற்றம் புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும் என்பதாலும், கர்ப்ப காலத்தில் கருப்பை வாயின் மாறிய பகுதியை வெட்டி எடுத்தால் இரத்தப்போக்குக்கும் குறைப்பிரசவத்துக்கும் இடமுண்டு என்பதாலும், புற்று இல்லையென்று தெரிந்தபின் காத்திருப்பதே முறை என்று அவர் விளக்கியதைக் கேட்டபின்தான் எங்கள் அம்மாவுக்கு மூச்சே வந்தது. குறைநிலை மாற்றமாக இருந்திருந்தால் கால்போஸ்கோபியையே பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டிருக்கலாமாம்.

பரிசோதனையும் நிதானமாகவே நடந்தது. ஸ்பெகுலம் என்ற விரிக்கும் கருவியை வைத்து, நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கருப்பை வாயில் ஒற்றி ஒரு நிமிடம் காத்திருந்தபோது, இளஞ்சிவப்புப் பரப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளைத் திட்டு தடித்து எழுந்ததைத் திரையில் தங்கையும் பார்த்தார். சமையல் வினிகரின் அதே நெடி அறை முழுக்க இருந்ததாம். பச்சை வடிகட்டியைப் போட்டு இரத்தக் குழாய்களின் அமைப்பைப் பார்த்தபின், அந்தத் திட்டிலிருந்து மட்டும் சிறு துணுக்கை பயாப்ஸி எனும் திசுச் சோதனைக்கு எடுத்தார்கள். கர்ப்பிணிக்கு அந்த இடத்தில் இரத்த ஓட்டம் மிகுதி என்பதால் இரத்தத்தை நிறுத்தும் மான்செல் பசையை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார்கள். கருப்பை வாயின் உட்குழாயைச் சுரண்டி மாதிரி எடுப்பதைக் கர்ப்பிணிகளுக்குச் செய்வதே இல்லை என்றும் சொன்னார்கள். எதைச் செய்யக் கூடாது என்பதில் இவ்வளவு தெளிவாக இருந்ததற்கே இந்தப் பிரிவைப் பரிந்துரைப்பேன்.

பயாப்ஸியில் சி.ஐ.என். 3, அதாவது புற்றுக்கு முந்தைய மாற்றத்தின் உயர்ந்த நிலை, என்று வந்தது. ஊடுருவிய புற்று இல்லை. கர்ப்பத்தின்போது 12 முதல் 24 வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும், பிரசவமாகிக் குறைந்தது 4 வாரங்கள் கழித்து முழுமையாக மதிப்பிட வேண்டும், இதற்காகச் சிசேரியன் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். சிலருக்குப் பிரசவத்துக்குப் பின் மாற்றம் தானாகவே குறைவதும் உண்டாம்.

குறைகளில் பெரியது நினைவூட்டல் இல்லாததுதான். தள்ளிப்போடுவதே சிகிச்சையாக இருக்கும் இடத்தில், தள்ளிப்போட்ட நாளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதோடு விட்டுவிடுகிறார்கள். தாய்வீட்டில் கைக்குழந்தையோடு இருப்பவர் அந்தச் சீட்டைத் தேடி எடுத்து வருவார் என்று எப்படி நம்புகிறார்களோ தெரியவில்லை. எங்களுக்குத் தொலைபேசி அழைப்பு எதுவும் வரவில்லை, நாங்களாகவே போனோம். நோயியல் ஆய்வகக் கட்டணம் தனி என்பதை முன்பே சொல்லாமல் பில் போடும் இடத்தில் சொன்னதும், அறிக்கை முழுவதும் சுருக்கெழுத்துகளாக இருந்ததும் அடுத்த குறைகள். காத்திருக்கும் இடம் பரவாயில்லை.

ஈரோடு, கோபி, தாராபுரம் பக்கமிருந்து போகிறவர்கள் பழைய அறிக்கையோடு, கிடைத்தால் செல்களைத் தடவிய கண்ணாடி ஸ்லைடையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். பயாப்ஸி எடுத்தால் கசிவு நின்றதைப் பார்த்த பிறகே அனுப்புகிறார்கள் என்பதால், காலையிலேயே போய்விடுவது நல்லது.