ஏர் டிரையர் வாங்கப் போகிறீர்களா? மைனஸ் 20 என்ற எண்ணை நம்பாதீர்கள்

ஈரோடு, பெருந்துறை, கோவைப் பக்கம் ஏர் கம்ப்ரசர் வைத்துத் தொழில் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மஞ்சள் தூள் பாக்கெட் போடும் எங்கள் ஆலைக்கு, சரக்கு எடுக்கும் ஏற்றுமதியாளர் ஒரு நிபந்தனை வைத்தார். தூளின் மேல் படும் காற்று, அழுத்தக் காற்றின் தூய்மைக்கான ஐஎஸ்ஓ 8573-1 தரத்தில் ஈரத்துக்கு மூன்றாம் வகுப்பாக இருக்க வேண்டும். அதாவது பனிநிலை (காற்றிலுள்ள நீராவி தண்ணீராகவோ பனியாகவோ படியத் தொடங்கும் வெப்பநிலை, கடைக்காரர்கள் சொல்லும் டியூ பாயிண்ட்) மைனஸ் 20 டிகிரியோ அதற்குக் கீழோ.

கோவை விற்பனையாளர் ஒருவர் கொட்டேஷனில் "பனிநிலை −20" என்றே போட்டுக் கொடுத்தார். வந்தது குளிர்விப்பு டிரையர், அதாவது காற்றைக் குளிரவைத்து ஈரத்தைத் தண்ணீராக வடிக்கும் வகை. ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரப்பிய இரட்டைக் கோபுர டிரையர் எங்கே என்று கேட்டதற்கு, "அது பழைய முறை அண்ணா, காற்றில் 15 சதவீதம் வீணாகும், இது புது முறை" என்றார். விலை மட்டும் இரட்டைக் கோபுர விலை.

அந்தக் கொட்டேஷனில் இருந்தது அப்பட்டமான பொய்யல்ல, அதுதான் சாமர்த்தியம். பனிநிலை அழுத்தத்தைப் பொறுத்து மாறும். 7 பார் குழாய்க்குள் பிளஸ் 3 டிகிரியில் பனிக்கும் காற்றை வெளியே விட்டால், அது எட்டு மடங்கு விரிந்து (கேஜ் காட்டும் 7 பாரோடு வெளிக்காற்றின் 1 பாரும் சேர்த்து) நீராவி நீர்த்துப்போகும். அப்போது பனிநிலை ஏறக்குறைய மைனஸ் 21. அவர் போட்டது இந்த வெளிக்காற்றுக் கணக்கு. ஐஎஸ்ஓ வகுப்புகளோ அழுத்தத்தில் அளக்கும் பனிநிலையைத்தான் சொல்கின்றன. அப்படிப் பார்த்தால் எனக்கு வந்தது நான்காம் வகுப்பு (பிளஸ் 3 வரை) இயந்திரம். கேட்டதைவிட ஏழு மடங்கு ஈரம்.

குளிர்விப்பு டிரையர் எதுவும் குழாய் அழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. போனால் உள்ளே தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே அந்த வகை இயந்திரத்துக்கு மைனஸ் எண் எழுதிய காகிதமே போதுமான தடயம்.

நிறுவிய அன்று குழாய் வாயில் ஒரு ஈரப்பத மீட்டரைப் பிடித்து, "பாருங்கள் அண்ணா, பத்து சதவீதம்தான்" என்று காட்டினார். அந்த மீட்டருக்குப் பத்துக்குக் கீழே காட்டவே வராது. 32 டிகிரி வெப்பத்தில் அவர் இயந்திரக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 2 சதவீதம். நான் கேட்ட காற்றின் ஈரப்பதம் சுமார் 0.3. இரண்டுக்கும் அது பத்து என்றுதான் காட்டும்.

ஏற்றுமதியாளரின் ஆய்வாளர் முறையாக அளந்தார். பனிநிலை மீட்டர், 7 பார் அழுத்தம் அப்படியே நிற்கும் சிறு அறை, எஃகுக் குழாய் (ரப்பர் குழாயில் வெளி ஈரம் ஊறி உள்ளே வரும்), எண் நிலைக்கும் வரை பொறுமை. முடிவு பிளஸ் 9. மூன்று கூட இல்லை! அந்த மூன்று கிடைக்க வேண்டிய நிலைமையாக, இயந்திரத் தகட்டில் உள்ளே வரும் காற்று 35, சுற்றுப்புறம் 25 டிகிரி என்று அச்சடித்திருக்கிறது. ஏப்ரல் மாத ஈரோட்டில் கம்ப்ரசர் அறை 25 டிகிரியா? சரக்கு நின்றுபோனது.

புகார் செய்ததும் விற்பனையாளரிடமிருந்து ஒரு கடிதம்: "ஈரம் 600 பிபிஎம்முக்குள்." பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது; எடைக் கணக்கா, கன அளவுக் கணக்கா என்று அதில் இல்லை. பிளஸ் 3 காற்றில் கன அளவில் சுமார் 950 பிபிஎம், 0.62 ஆல் பெருக்கினால் எடைக் கணக்கில் 590. எது சின்னதாகத் தெரிகிறதோ அதை எடுத்துப் போட்டிருக்கிறார். அதுவும் தகட்டு நிலைமைக்குத்தான், என் அறைக்கு அல்ல.

பர்ச்சேஸ் ஆர்டரில் இப்படி எழுதுங்கள்: "7 பார் அழுத்தத்தில் அழுத்தப் பனிநிலை −20 அல்லது அதற்குக் கீழ், உள்வரும் காற்று 45, அறை 42 டிகிரியில், எங்கள் இடத்தில் பனிநிலை மீட்டரால் அளந்து காட்டிய பிறகே மீதிப் பணம்." அறை வெப்பத்தை மே மாத மதியத்தில் நீங்களே அளந்து போடுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இயந்திரத்தைத் திரும்ப எடுக்க மறுக்கிறார். வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. இதே வாசகமுள்ள கொட்டேஷன் யாரிடமாவது இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் "எந்த அழுத்தத்தில்?" என்று எழுத்தில் கேளுங்கள்.