பவானி ஜமக்காளம்: ஆறு மாதம் விரித்துப் படுத்த பிறகு

எட்டு வருஷத்துக்கு முன்னால் மகள் கல்யாணத்துக்கு என்று ஒரு பவானி ஜமக்காளம் வாங்கினேன். கல்யாணம் முடிந்த நாற்பதாம் நாள் என் வீட்டுக்காரர் போய்விட்டார். "ரொம்பச் சிரிக்காத கண்ணு, பின்னாடி அழுகோணும்" என்று எங்க அம்மா சொல்லிக்கொண்டே இருக்கும். அது பலித்துவிட்டதாகவே நினைத்தேன். ஜமக்காளம் பாச்சா உருண்டையோடு பீரோவுக்குள் போனது. மகள் முழுகாமல் இருப்பதாகப் போனில் சொன்னபோதும், "சரி, யார்கிட்டயும் சொல்லாத" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

போன தை மாதம் பேத்தி வருகிறாள் என்று அதை எடுத்துப் பிரித்தேன். ஒருத்தர்கூட உட்காராத ஜமக்காளம் மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே பவானிக்கு பஸ் ஏறினேன். காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறையில் கும்பிட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் ஆறுக்கு ஒன்பது அடியில் புதுசு எடுத்தேன். 2,400 ரூபாய். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பட்டை பட்டையாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நெசவு. 2005-06லேயே புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு இது. ஆனாலும் அதே பெயரில் விசைத்தறித் துணி விற்கிறார்கள், கைத்தறி முத்திரை பார்த்து வாங்குங்கள். முதல் மாதம் முரடாக இருந்தது, முதுகில் உறுத்தியது. கடைக்காரர் "துவைக்கத் துவைக்கத்தானுங்க மெதுவாகும்" என்றார், அது நிஜம். முதல் அலசலில் சிவப்புச் சாயம் கொஞ்சம் இறங்கியது. தனியாக அலசி, நிழலில் போடுங்கள்.

வந்த அன்றைக்கே வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், விரித்துவிட்டேன். மஞ்சள் பட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை இருக்கிறது. சந்தகைக்கு ஊற்றிய தேங்காய்ப் பாலைப் பேத்தி கிண்ணத்தோடு கவிழ்த்தது. சாயங்காலம் அவள் என் வயிற்றில் ஏறிக் குதிக்கும்போது வாய்விட்டுச் சிரிக்கிறேன். நடுவில் திக்கென்று அந்தப் பழைய பயம் வரும், அவர் ஞாபகமும் வரும். "அம்மிச்சி அழுகுது" என்று மகளிடம் ஓடிப்போய்ச் சொல்லுவாள். முன்பெல்லாம் முந்தானையால் மறைத்துக்கொள்வேன். இப்போது மறைப்பதில்லை, அவளைத் திரும்பக் கூப்பிட்டு மேலே ஏற்றிக்கொள்கிறேன்.

ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறை போகிறோம். மகள் வீட்டுக்கும் ஒன்று எடுக்க வேண்டும்.