ஐந்து ஏஜெண்டு என்று சொல்லி 38,500 ரூபாயை விழுங்கினார்கள்

இன்று மத்தியானம்தான் நாகர்கோவிலிலிருந்து திரும்பி வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் ஆர்டரை ஏஐ பார்த்துக்கொள்ளும் என்று நம்பியதில் போன பணம் 38,500 ரூபாய்.

மார்த்தாண்டம் பக்கம் வீட்டில் வைத்தே தேன் விற்கிறேன். ரப்பர் தளிர் விடுகிற மாசி, பங்குனியில்தான் பெட்டிகள் நிறையும். 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு சென்னை, பெங்களூரிலிருந்தும் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டரைக் குறிக்க, பணம் வந்ததா பார்க்க, கொரியருக்கு விலாசம் எழுத, எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். ராத்திரி பதினொரு மணிக்கும் போனும் கையுமாக இருப்பதைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது.

ஏஐ ஏஜெண்டுகளை, அதாவது ஒப்படைத்த வேலையைத் தானாகவே செய்யும் ஏஐ புரோகிராம்களை, ஒன்றோடொன்று கோத்து ஆட்டோமேஷன் செய்து கொடுக்கிற ஒரு இடம். பெயர் வேண்டாம். அங்கிருந்து ஒரு தம்பி வீட்டுக்கே வந்தான். மெசேஜ் படிக்க ஒரு ஏஜெண்டு, குரல் பதிவைக் கேட்டு எழுத ஒன்று, ஷீட்டில் ஏற்ற ஒன்று, பதில் எழுத ஒன்று, அந்தப் பதிலைச் சரிபார்க்க ஒன்று. ஐந்தும் ஐந்து கம்பெனியுடையது என்றான். "எதுல எது கெட்டியோ அதை எடுத்து ஒண்ணாச் சேத்துத் தருவோம்க்கா. நீங்க தேனை மட்டும் பாத்தா மதி." கூலி 18,000. அவனுடைய சொந்த நம்பருக்கே ஜிபே செய்தேன். பில் கேட்டதற்கு, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றான். இன்னும் வரவில்லை.

நான் நம்பிய இடம் எது தெரியுமா? ஏபிஐ கணக்கு, அதாவது ஏஐயைப் பயன்படுத்துகிற அளவுக்குக் காசு பிடிக்கும் கணக்கு, தொடங்கக் கார்டு விவரம் போட வேண்டும். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "உங்க கார்டு நம்பரை நான் பாக்கப்பிடாதுக்கா, நீங்களே போடுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். கையில் சுக்குக்காப்பி. இவ்வளவு மானம் மரியாதையான பையனா என்று நினைத்தேன். இருப்பு குறைந்தால் தானாக 20 டாலருக்கு ரீசார்ஜ் ஆகும் என்ற கட்டத்தில் அவன் முன்னமே டிக் போட்டு வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாளே கூத்து தொடங்கியது. ஒரு கிலோ தேன் கேட்டவருக்கு, "சின்னதா, நடுத்தரமா, பெரியதா? கூடுதல் சீஸ் வேண்டுமா?" என்று பதில் போயிருக்கிறது. அவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, எப்போதிலிருந்து சீஸ் போடுகிறீர்கள் என்று கேட்டார். ஷீட்டைத் திறந்தால் மூன்று ஆர்டர் 'மதி' என்ற பெயரில் ஏறியிருக்கிறது. எங்கள் பக்கம் மதி என்றால் போதும் என்று பொருள். "ரெண்டு குப்பி மதி" என்று குரல் பதிவில் சொன்னவர்களை எல்லாம் அது மதி என்ற ஆளாக்கிவிட்டது.

சொன்னதும் பதில் எழுதும் ஏஜெண்டை மட்டும் திருத்தினான். சரிபார்க்கும் ஏஜெண்டைத் தொடவில்லை. அது இன்னும் பீட்சா அளவைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு இது தேன் பதில் எழுத, அது "அளவு இல்லை, மறுபடி எழுது" என்று திருப்பி அனுப்ப, விடியவிடிய இரண்டும் மல்லுக்கட்டியிருக்கின்றன. எத்தனை சுற்றோடு நிறுத்த வேண்டும் என்ற வரம்பே வைக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை பேசியது மொத்தமும் திரும்பப் போகும், டோக்கன் (சொல்லின் சிறு துண்டு) கணக்கில் காசு பிடிக்கும். காலையில் போனில், ரீசார்ஜுக்குக் கார்டில் பணம் எடுத்ததாகப் பன்னிரண்டு எஸ்எம்எஸ். தலா 1,700-க்குக் கொஞ்சம் மேல், கூட்டினால் 20,500. முன்னே கொடுத்த 18,000-ஐயும் சேர்த்தால் 38,500.

சனிக்கிழமை கூப்பிட்டால், "சர்வர் பிரச்சினைக்கா." திங்கள், "அது கம்பெனி சைடுலயாக்கும்." செவ்வாய், "நீங்க பிராம்ப்ட் சரியாக் குடுக்கல்ல." ஏஐக்குக் கொடுக்கும் கட்டளையைத்தான் பிராம்ப்ட் என்கிறான். அதை எழுதியது யார், நானா? புதன் முதல் போனையே எடுக்கவில்லை. அவர்கள் மெயிலுக்கு எழுதினால் 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு ஏஜெண்டு பதில் போடுகிறது. நல்லவேளை, சீஸ் வேண்டுமா என்று கேட்கவில்லை. இன்று வடசேரியில் பஸ் இறங்கி ஆபீசுக்கே போனேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், சார் திருவனந்தபுரம் போயிருக்கிறார் என்றாள். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். 38,500 ரூபாய்க்கு ஒரு டம்ளர் தண்ணீர் கிடைத்தது.

இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன் அந்த ஆட்டோமேஷனைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "சித்தி, அஞ்சு ஏஜெண்டும் ஒரே மாடல்தான். ஒரே கீ. அஞ்சு பேரு மட்டும் போட்டிருக்கான்." மாடல் என்றால் உள்ளே ஓடும் ஏஐ, கீ என்றால் ஏபிஐ கணக்கைத் திறக்கும் ரகசியக் குறியீடு. மொத்தமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற, பீட்சா கடைக்கென்று முன்னமே செய்து வைத்த ஒரு டெம்ப்ளேட்டாம்.

பத்து எச்சரிக்கை எழுதலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். ஏபிஐ கணக்கில் தானியங்கி ரீசார்ஜை அணைத்துவிட்டு, மாதச் செலவுக்கு வரம்பு போடுங்கள். ஒரு ஏஜெண்டு இன்னொன்றுக்குத் திருப்பி அனுப்பும் இடத்தில் மூன்று தடவைக்கு மேல் கூடாது என்று வையுங்கள். வாடிக்கையாளருக்குப் போகிற மெசேஜை நீங்கள் பார்த்து ஓகே கொடுத்த பிறகே போக வேண்டும். சொந்த நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஜிமெயில், ஷீட்டுக்குக் கொடுத்த அனுமதியை கூகுள் கணக்கில் போய் நீக்குங்கள், கீயையும் அழித்துவிடுங்கள். நான் நேற்றுத்தான் செய்தேன். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். ஆன்லைன் பண மோசடிக்கு 1930.

ஆர்டர் எல்லாம் மறுபடி பழைய நோட்டுக்கே வந்துவிட்டது. அந்த மூன்று மதியும் யார் யார் என்று கண்டுபிடித்து இனிமேல்தான் கூப்பிட வேண்டும்.