எம்பிபிஎஸ், பிடிஎஸ் முதலாண்டுக்கு எந்த வேதியியல் புத்தகம்?

மருத்துவ கவுன்சிலிங் முடிகிற சமயத்தில் தண்டையார்பேட்டையில் என் டியூஷனுக்குப் பழைய பிள்ளைகள் இனிப்போடு வருவார்கள். ஒருத்திக்கு ஸ்டான்லியில் சீட், இன்னொருவனுக்கு முத்துசாமி சாலையில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில். "மிஸ், காலேஜ் தொறக்கறதுக்குள்ள கெமிஸ்ட்ரி எதாவது பார்க்கணுமா?" என்று அவர்கள் கேட்பதற்குள் கூட வந்த அம்மா, "அதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் என்ன கெமிஸ்ட்ரி" என்பார்.

முடியவில்லை. எம்பிபிஎஸ் முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியலோடு உயிர்வேதியியலும் ஒரு முழுப் பாடம். பிடிஎஸ்ஸில் உடலியங்கியலும் உயிர்வேதியியலும் சேர்ந்து முதலாண்டிலேயே வருகின்றன. அடுத்த ஆண்டு மருந்தியலும் பல் மருத்துவப் பொருட்கள் பற்றிய பாடமும் காத்திருக்கின்றன. அந்தப் பொருட்கள் பாடத்தில் பாதிக்கு மேல் வேதியியல்தான்.

இவர்கள் கையில் இருப்பது என்னென்ன? தமிழ்நாடு பாடநூல், என்சிஇஆர்டி, நீட் கோச்சிங் மாட்யூல், சீனியர் கொடுத்த உயிர்வேதியியல் புத்தகம், யூடியூப். எது மேல் என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் சண்டைதான் வரும். அதனால் எல்லாவற்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் லிக்னோகெய்ன் ஊசி போட்டால் ஏன் சரியாக மரத்துப்போவதில்லை? பல் மருத்துவருக்கும் இந்தத் தலைவலி உண்டு, கட்டியைக் கீறும் டாக்டருக்கும் உண்டு.

பதிலின் வேதியியல் பகுதி சின்னது. லிக்னோகெய்ன் ஒரு வீரியம் குறைந்த காரம், அதன் பிகேஏ (மருந்தில் பாதி மின்சுமையோடும் பாதி மின்சுமை இல்லாமலும் இருக்கும் பிஎச்) சுமார் 7.9. மின்சுமை இல்லாத வடிவம்தான் நரம்பின் கொழுப்புச் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். திசுவின் பிஎச் 7.4 என்றால் வித்தியாசம் 0.5, 10-இன் 0.5 அடுக்கு சுமார் 3. அதாவது மின்சுமை உள்ளதும் இல்லாததும் ஏறக்குறைய 3-க்கு 1. கிட்டத்தட்ட கால் பங்கு மருந்து உள்ளே போகத் தயார். அழற்சியால் பிஎச் 6.9-க்கு இறங்கினால் வித்தியாசம் 1 ஆகிறது, விகிதம் 10-க்கு 1. இப்போது 11-இல் ஒரு பங்குதான் மிச்சம். வீங்கிய இடத்தில் ஊசி தோற்க வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்தக் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு மருந்தியலில் ஒரு பெரிய அத்தியாயம் பாதி முடிந்த மாதிரி.

முதலில் நம் பாடநூல். 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலின் இரண்டாம் தொகுதியைத் திறந்தால் முதல் பாடமே அயனிச் சமநிலை. தாங்கல் கரைசல் (பிஎச் அதிகம் மாறாமல் தாங்கும் பஃபர்), அதன் பிஎச்சைக் கணக்கிடும் ஹென்டர்சன் சமன்பாடு, கரைதிறன் பெருக்கம் எல்லாம் அங்கே இருக்கின்றன. லிக்னோகெய்ன் கேள்விக்கு வேண்டிய கருவி மொத்தமும் அந்த ஒரு பாடத்தில் கிடைத்துவிடும். அதைத் தாண்டினால் மின்வேதியியல். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை அங்கே புரிந்துகொண்டவர் நரம்புச் சவ்வின் மின்னழுத்தத்தைப் பார்த்து முழிக்க மாட்டார். பிறகு புறப்பரப்பு வேதியியல், ஆல்கஹால், கார்போனைல், அமீன், உயிரியல் மூலக்கூறுகள், கடைசியில் அன்றாட வாழ்வில் வேதியியல் (பாலிமரும் இதில்தான்). உயிர்வேதியியலுக்கு முன்னுரையாக யாரோ யோசித்துக் கட்டிய மாதிரி இருக்கிறது அந்த ஒரு தொகுதி. இதோடு பதினொன்றாம் வகுப்பின் கரைசல்கள் பாடத்தைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. தாங்கல் கரைசல் கணக்கு என்றால் பெரும்பாலும் அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும்தான். ரத்தத்தின் கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்: பைகார்பனேட் 24, கார்பன் டையாக்சைடு அழுத்தம் 40, அதை 0.03-ஆல் பெருக்கினால் 1.2. 24-ஐ 1.2-ஆல் வகுத்தால் 20. 20-இன் மடக்கை 1.3. பிகேஏ 6.1-ஐக் கூட்டினால் 7.4, அதுதான் ரத்தத்தின் பிஎச். இந்த நாலு வரியை அந்தப் பாடத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கச் சொல்வேன். வார்டில் ரத்த வாயு அறிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் இதேதான் திரும்ப வரும்.

இன்னொரு குறை புத்தகத்தினுடையது அல்ல, நாம் அதைப் படித்த விதம். புக் பேக் கேள்வியை மனப்பாடம் செய்து நூற்றுக்கு நூறு வாங்கியவர்களுக்கு அந்தத் தொகுதியில் படிக்காத பக்கங்கள் நிறைய இருக்கும்.

அடுத்து என்சிஇஆர்டி. நீட்டுக்கு அதுதான் வேதம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆங்கிலம் தெளிவு, விளக்கம் கச்சிதம். வரிசை மட்டும் தலைகீழ்: சமநிலை பதினொன்றில் இருக்கிறது, கரைசல்கள் பன்னிரண்டில். லிக்னோகெய்ன் கேள்விக்கு இதுவும் பதில் சொல்லும். ஆனால் 2022-23-இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று திடநிலை, புறப்பரப்பு வேதியியல், பாலிமர், அன்றாட வாழ்வில் வேதியியல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். 2024-இல் நீட் பாடத்திட்டமும் அதே வழியில் போனது. தேர்வு எழுதுகிறவனுக்கு நிம்மதி. பல் மருத்துவம் படிக்கப் போகிறவனுக்கு அது நஷ்டம், ஏனென்றால் வெட்டி எறியப்பட்டவைதான் அவனுடைய பிழைப்பு.

கழற்றி மாட்டும் பல்செட்டின் இளஞ்சிவப்பு அடித்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். பொடியில் பென்சாயில் பெராக்சைடு இருக்கும், திரவம் மோனோமர். இரண்டையும் குழைத்துச் சூடாக்கினால் பெராக்சைடு உடைந்து தனி உறுப்பு (ஃப்ரீ ராடிக்கல்) உருவாகி, சங்கிலி ஓட ஆரம்பிக்கும். வாய்க்கு அச்செடுக்கும் ஆல்ஜினேட்டில் கால்சியம் சல்பேட் வினைபுரிந்து கரைசலைக் கூழாக்குகிறது. அது உடனே இறுகிவிட்டால் டாக்டர் கலக்கி வாயில் வைப்பதற்குள் கிண்ணத்திலேயே கெட்டியாகிவிடும். அதனால் கால்சியத்தை முதலில் பிடித்துக்கொள்ள ட்ரைசோடியம் பாஸ்பேட் சேர்த்திருப்பார்கள். அது தீர்ந்த பிறகுதான் ஆல்ஜினேட்டின் முறை. கூழ்மம் என்றால் என்ன, எந்த வினை முந்தும் என்பது தெரியாமல் இதை ஒப்பிக்கலாம், புரிந்துகொள்ள முடியாது. இந்த இடத்தில் நம் பாடநூலுக்கு அடித்தளம் இருக்கிறது, இன்றைய என்சிஇஆர்டிக்கு இல்லை.

பல்லின் எனாமலும் அப்படித்தான். அது ஹைட்ராக்சிஅபடைட், கால்சியமும் பாஸ்பேட்டும் ஹைட்ராக்சைடும் சேர்ந்த கனிமம். வாயின் பிஎச் சுமார் 5.5-க்குக் கீழே போனால் கரைய ஆரம்பிக்கும், ஏனென்றால் அமிலம் பாஸ்பேட்டையும் ஹைட்ராக்சைடையும் இழுத்துக்கொண்டு சமநிலையைக் கரையும் பக்கம் தள்ளுகிறது. ஃப்ளூரைடு சேர்ந்து ஃப்ளூரோஅபடைட் ஆனால் அந்த எல்லை 4.5 அளவுக்கு இறங்குகிறது. கரைதிறன் பெருக்கம் இரண்டு புத்தகத்திலும் இருப்பதால் இதில் இரண்டும் சமம்.

நேராக உயிர்வேதியியல் புத்தகத்தில் குதிப்பது மூன்றாவது வழி. "இன்னும் என்ன ப்ளஸ் டூ புக்" என்று வெட்கப்படுகிறவர்கள் இதைத்தான் எடுப்பார்கள். அந்தத் தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் பிஎச், தாங்கல் எல்லாம் சில பக்கங்களில் முடிந்துவிடும். உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே எழுதியிருப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை: வேதியியல் உடம்புக்குள் எங்கே வேலை செய்கிறது என்று காட்டுவது. கள்ளச்சாராயத்தில் கலந்த மெத்தனால் ஈரலில் ஃபார்மால்டிஹைடாகி, ஃபார்மிக் அமிலமாகிக் கண்ணைப் பறிக்கிறது. அதே நொதிதான் எத்தனாலையும் உடைக்கிறது, அதனால் எத்தனாலைக் கொடுத்து நொதியை அதில் மும்முரமாக்கி மெத்தனாலை நிறுத்திவைக்கலாம். ஆல்கஹால், ஆல்டிஹைடு, அமிலம் என்று ப்ளஸ் டூவில் எழுதிய அதே ஆக்சிஜனேற்றம்தான். அங்கே அது இரண்டு மதிப்பெண், இங்கே உயிர்.

2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளியிலிருந்து போகிறவர்களில் தமிழ்வழிப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இந்தப் புத்தகம் முதல் மாதத்தில் மலைப்பாக இருக்கும். நம் பாடநூலின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பாட வரிசை ஒன்றுதான், இரண்டும் பிடிஎஃப்பாக இலவசம். பத்து நாளில் ஆங்கிலச் சொற்கள் வாயில் வந்துவிடும், அப்புறம் தடித்த புத்தகத்தைத் திறக்கலாம்.

ஆக, என் தேர்வு எம்பிபிஎஸ் பிள்ளைக்கு நம் இரண்டாம் தொகுதியில் அயனிச் சமநிலையும் கரிமப் பாடங்களும், உடனே உயிர்வேதியியல் புத்தகம். பிடிஎஸ் பிள்ளைக்கு அந்தத் தொகுதி முழுசாக, புறப்பரப்பையும் பாலிமரையும் விடாமல். கரைசல்கள் இருவருக்கும் கட்டாயம். 2 சதவீத லிக்னோகெய்ன் என்றால் மில்லிக்கு 20 மில்லிகிராம் என்றும், 1-க்கு 80,000 அட்ரினலின் என்றால் மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம் என்றும் விரல் விடாமல் சொல்லத் தெரியாதவர் கையில் ஊசியைக் கொடுக்கக் கூடாது.

யூடியூப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கரிம வினையில் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை அசைவாகப் பார்க்க நல்லது. கும்மிடிப்பூண்டி லைன் ரயில் பேசின் பிரிட்ஜ் சிக்னலில் நிற்கும்போது பார்க்கலாம். கணக்கை மட்டும் வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது, பேனா வேண்டும்.

கோச்சிங் மாட்யூல்? நீட் வேதியியலில் 45 கேள்வி, சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1 என்ற ஓட்டத்துக்காக எழுதப்பட்டது. லிக்னோகெய்ன் கேள்வியைக் கேட்டால் நாலு விடை கொடுத்து ஒன்றை டிக் அடிக்கச் சொல்லும். அதில் இருக்கும் மடக்கை அட்டவணைப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள், 2-க்கு 0.30, 3-க்கு 0.48 என்று மனதில் இருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வாயாலேயே வரும். மீதிக் கட்டை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் போட்டுவிடலாம். அடுத்த நீட்டுக்கு முன்னால் போனால் கொஞ்சம் நல்ல விலைக்கு எடுப்பார்கள்.