பிரான்சுக் கோட்டும் வன்னித் தோளும்

ஆவணியில் சிநேகிதனுக்குக் கலியாண எழுத்து. மாப்பிள்ளைத் தோழனாய் நிற்க வேண்டியவன் நான். விசயம் கேள்விப்பட்ட சித்தப்பா பிரான்சிலிருந்து ஒரு கோட்-சூட்டைப் பார்சலில் போட்டுவிட்டார். கழுத்து லேபிளில் 50 என்று இருந்ததைப் பார்த்து அம்மா பயந்துபோனா. "ஐம்பதோ? இதுக்குள்ள உன்னை மாதிரி ரெண்டு பேர் நிக்கலாமே!"

ஐரோப்பிய அளவு நெஞ்சுச் சுற்றளவில் பாதி, அதுவும் சென்ரிமீற்றரில். 50 என்றால் நெஞ்சு 100 சென்ரிமீற்றர். அங்குலத்தில் அளக்கிற லண்டன்காரருக்கு அது 40. பத்தைக் கழித்தால் கணக்குச் சரி. என்னுடைய நெஞ்சு 38. கோட் பெரிசுதான், ஆனால் அம்மா பயந்த அளவுக்கு இல்லை. போட்டுப் பார்த்தால் கை பெருவிரல் மூட்டை மூடியது, இடுப்புப் பக்கம் சாக்குப் போலத் தொங்கியது, லோங்ஸ் நிலத்தைக் கூட்டியது.

கிளிநொச்சியில் இருக்கிறவனுக்கு இந்த இடத்தில் என்ன வழி? இதையே திருத்தித் தைக்கலாம், வாடகைக்கு எடுக்கலாம், கொழும்புக்கு பஸ் ஏறலாம், புதிதாகத் தைப்பிக்கலாம். எல்லாவற்றையும் விசாரித்துப் பார்த்தேன்.

முதலில் திருத்தித் தைக்கிற கதை. எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கிற ரெயிலர் அண்ணை அளவு நாடாவைக்கூட எடுக்கவில்லை. "சுவரோட பக்கவாட்டில சாய் தம்பி" என்றார். சாய்ந்தேன். கையும் கோட்டின் தோளும் ஒன்றாகச் சுவரில் முட்டினால் தோள் சரி. கை முட்டுமுன் கோட்டுத் தோள் முட்டி மடிந்தால் பெரிசு. எனக்கு ஒரு நூல்தான் கூட. "தோள் தப்பிட்டுது. மிச்சம் என்ர பாடு."

தோளில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? அதற்குள்ளே பஞ்சு, விறைப்புத் துணி, லைனிங் எல்லாம் அடுக்காக இருக்கின்றன. அரை அங்குலம் குறைக்க வேண்டுமென்றாலும் கையைக் கழற்றி, கழுத்தை அவிழ்த்து, பாதிக் கோட்டைத் திரும்பக் கட்ட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர் கேட்கிற கூலி ஒரு புதுக் கோட்டின் விலையில் போய் முட்டும். உயரமும் அப்படித்தான். கீழே ஒரு அங்குலத்துக்கு மேல் வெட்டினால், பொக்கற் இருந்த இடத்திலேயே இருக்க, கோட் மட்டும் கட்டையாகிக் கோமாளி உடுப்பாகிவிடும்.

மற்றதெல்லாம் ஒப்பேற்றலாம். இடுப்பைப் பிடிப்பது லேசு. கையை மணிக்கட்டுப் பக்கம் குறைக்கலாம், சேட்டின் கை அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும். ஆனால் அங்கே உள்ள பொத்தான்கள் உண்மையாகவே கழற்றிப் பூட்டக்கூடியவையா என்று முதலில் பாருங்கள். காஜா வெட்டியிருந்தால் கீழே குறைக்க இடமில்லை, மேலே தோளிலிருந்துதான் குறைக்க வேண்டும். சித்தப்பாவின் கோட்டில் பொத்தான்கள் சும்மா அழகுக்குத் தைத்தவை. தப்பினேன்.

கோட் சின்னதாயிருந்தால் வேறு கதை. பொத்தானைப் பூட்டியதும் வயிற்றில் பெருக்கல் குறி மாதிரி மடிப்பு இழுத்தால் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ரெடிமேட் கோட்டில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு அங்குலத்துக்குள். லோங்ஸ் பின்பக்கத் தையலில் கொஞ்சம் தாராளம். ஆனாலும் பழைய துணியை இளக்கினால் முந்தின தையல் கோடு வெளிறித் தெரியும், எந்த அயனுக்கும் போகாது. அயன் என்றதும் ஒன்று: மலிவான கோட்டுகளில் உள்ளே விறைப்புத் துணியைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். கரிப்பெட்டியைச் சுடச்சுட நேரே வைத்தால் பசை விட்டு, நெஞ்சில் அப்பளம் பொரிந்த மாதிரிக் கொப்புளம் எழும். ஈரத் துணியை மேலே விரித்துத்தான் தேய்க்க வேண்டும். கிணற்றடியில் தோய்ப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

வாடகைக் கோட் கேட்க நல்லாயிருக்கும். ஒரு நாள் கூத்துக்கு ஏன் காசைக் கொட்டுவான்? போன தையில் நானும் அப்படித்தான் நினைத்தேன். போட்டுப் பார்த்தது ஒரு கோட், கலியாணத்துக்கு முதல் நாள் கையில் தந்தது வேறு கோட். முகூர்த்த நாளென்றால் ஒரே கோட்டுக்கு மூன்று பேர். அந்தக் கோட் எத்தனையோ பேருக்காகப் பிடித்தும் இளக்கியும் களைத்துப் போயிருந்தது; லோங்ஸ் விளிம்பை ஊசி குத்தித்தான் மடித்திருந்தார்கள். நான் குனிந்து தாம்பாளம் எடுத்தபோது அந்த ஊசி என் காலைத் தேடி வந்தது. ஆனாலும் தோள் சரியில்லாத சொந்தக் கோட்டைவிட, தோள் சரியான வாடகைக் கோட் மேல் என்பேன். எடுக்கிற கோட்டின் உள்ளே உங்கள் பெயரை எழுதி ஒரு துண்டு குத்திவிட்டு வாருங்கள்.

கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் போய், விடியப் புறக்கோட்டையில் இறங்கி, நித்திரைக் கண்ணோடு கோட் போட்டுப் பார்க்க வேண்டும். தெரிவு அங்கே அதிகம், அதை மறுக்கேலாது. வாங்கி வந்தாலும் கை, லோங்ஸ் குறைக்க அதே ரெயிலர் அண்ணையிடம்தான் போவீர்கள்.

புதிதாகத் தைப்பித்தால் உடம்புக்கு ஏற்றபடி வரும். ஆனால் ஓட்டுத் தையலோடு ஒரு முறையாவது போட்டுப் பார்க்காமல் தைத்துத் தருகிற கோட்டை நம்ப வேண்டாம். வன்னிப் பக்கம் சேட், லோங்ஸ், பள்ளிச் சீருடை தைக்கிற கைகள் தாராளம். கோட் வெட்டுகிற கை ஊருக்கு ஒன்று கிடைத்தால் பெரிசு. அரசாங்கச் சீருடைத் துணி பள்ளிக்கூடங்களுக்கு வந்திறங்குகிற நாட்களில் அந்தக் கையையும் பிடிக்க முடியாது. வருசத்தில் மூன்று நாலு தரம் கோட் போடுகிற வேலை இருந்தால் மட்டும் இதில் இறங்கலாம்.

வேட்டிக்குத் தோள் அளவும் கிடையாது, சுவரில் சாயவும் தேவையில்லை. கச்சான் காற்று அனலாய் அடிக்கிற ஆவணியில் வூல் கோட்டுக்குள் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். என் சொந்த விருப்பமும் அதுதான். ஆனால் பொம்பிளை வீட்டார் தோழனும் தோழியும் நிறம் பொருந்தி நிற்க வேண்டும் என்றார்கள், சித்தப்பாவோ ஒவ்வொரு நாளும் "கோட் எப்படி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் ரெயிலர் அண்ணையிடமே விட்டேன். நெஞ்சும் இடுப்பும் பிடித்து, கை ஒன்றரை அங்குலம் குறைத்து, லோங்ஸும் மடித்து, நாலாம் நாள் தந்தார். எழுத்தன்று மண்டபத்து வாசலில் நின்று சித்தப்பாவுக்கு வீடியோக் கோல் எடுத்தேன். முன்பக்கம் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"திரும்பு, பாப்பம்."

திரும்பினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"தம்பி, பின் வெட்டில பெருக்கல் மாதிரி ஒரு நூல் கிடக்கெல்லே? அது கடைக்காரன் மடிப்புக் குலையாமல் போட்டு விடுறது. அதை வெட்டிப்போட்டெல்லோ போடுறது?"