லேபிள் இல்லாத க்ரீமை முகத்தில் பூசாதீர்கள்

தாடையோரம் முழுக்கப் பரு. வெளியே பழுத்து உடைகிற ரகம் இல்லை. தோலுக்கு அடியில் கட்டி மாதிரி நிற்கும், தலையணை பட்டாலே வலிக்கும், ஒன்று அடங்குவதற்குள் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். இதற்காக ஒரு ஸ்கின் க்ளினிக்கில் மாதக்கணக்கில் ஏமாந்தேன்.

முதல் நாளே ஆறு சிட்டிங் கெமிக்கல் பீல் (மருந்து பூசி மேல்தோலை உரிப்பது), முழுப் பணமும் முன்கூட்டியே. என்ன சோப்பு, என்ன ஷாம்பு என்று கேட்டார்கள். பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அப்போது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வந்துகொண்டிருந்தது. தாடையில் முடியும் முளைத்திருந்தது. அது வேறு, பரு வேறு என்றே நினைத்திருந்தேன்.

மூன்று சிட்டிங் முடிந்தும் குறையவில்லை என்றதும் ஒரு வெள்ளை டப்பாவைக் கொடுத்தார்கள். லேபிள் கிடையாது. மூடியில் மார்க்கரால் ‘இரவு’ என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே என்ன என்று கேட்டதற்கு, “எங்க சொந்தத் தயாரிப்பு மேடம்” என்று சொல்லிவிட்டார்கள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒரு பயணத்தில் டப்பாவை மறந்து, நாலு நாள் பூசவில்லை. முகம் சிவந்து எரிந்தது. அதுவரை பருவே வராத நெற்றியில்கூடப் பொடிப்பொடியாகக் கிளம்பியது. திரும்பப் பூசியதும் அடங்கியது.

கடைசியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். கன்னத்தில் ஓடிய மெல்லிய சிவப்பு ரத்தக்குழாய்களைப் பார்த்ததுமே, “ஸ்டீராய்டு க்ரீம் ஏதாவது போடுகிறீர்களா?” என்றார். அடுத்த கேள்வியே பீரியட்ஸ் பற்றி. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்து பிசிஓஎஸ், அதாவது சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு என்றார். இதில் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் கூடும்போது தோலில் எண்ணெய் அதிகம் சுரந்து துளைகள் அடைபடுகின்றன. உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காவிட்டால் ஆண்ட்ரோஜன் இன்னும் ஏறும். மேல்தோலை உரிக்கிற பீல் இதில் எதையும் மாற்றாது.

இப்போது இரவில் அடபலீன் என்ற பருவுக்கான பூச்சு, கூடவே ஹார்மோன் மாத்திரை. மாத்திரை எழுதுவதற்கு முன் ஒற்றைத் தலைவலி உண்டா, வீட்டில் யாருக்காவது ரத்தம் உறைந்ததுண்டா, குழந்தைக்குத் திட்டமிடுகிறேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பருவுக்குக் கொடுக்கும் வேறு மாத்திரைகளான ஸ்பைரோனோலாக்டோன், ஐசோட்ரெடினாயின் இரண்டுமே கர்ப்பத்தில் ஆகாதவை. இதையெல்லாம் கேட்காமல் யாராவது மாத்திரையை நீட்டினால் வாங்காதீர்கள். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார்.

இப்படி ஒரு டப்பா உங்களிடம் இருந்தால், பயந்து ஒரே நாளில் நிறுத்திவிடாமல், டப்பாவோடு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

எனக்கு இது நாலாவது மாதம். புதுக் கட்டிகள் குறைந்துவிட்டன, தழும்பும் சிவப்பும் இன்னும் இருக்கின்றன. மிச்சம் மூன்று சிட்டிங்குக்கான பணத்தையும், க்ரீமில் என்ன கலந்தார்கள் என்ற விவரத்தையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். க்ளினிக்கிலிருந்து பதில் இல்லை. டப்பாவை வீசாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன்.